ஊருக்கு ஒரு சர்வர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கினாலே நாளிதழ்களின் இலச்சினையையும் எழுத்துருவையும் அப்படியே ஒட்டிய போலி நியூஸ் கார்டுகள் வாட்ஸ்அப்பில் இறங்கிவிடுகின்றன. ‘இது எங்கள் கார்டு அல்ல’ என்று பத்திரிகை மறுப்பு போடுவதற்குள் கார்டு மேலூரையும் உசிலம்பட்டியையும் தாண்டிப் போயிருக்கும். அதற்குப் பிறகு குரூப்பில் நடப்பது விவாதம் அல்ல. யார் முதலில் குரூப்பை விட்டு வெளியேறுவது என்ற போட்டிதான்.

இதற்கு மாற்றாக, ஒரே கம்பெனியின் கையில் இல்லாத சமூக வலைத்தளங்களைப் பற்றிப் பலரும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அவற்றை இயக்கும் சர்வர் கணினிகளைப் பராமரிக்கும் வேலை தெரிந்தவர்கள் என்ற முறையில் ஒன்று சொல்கிறோம். வழி நல்ல வழிதான். ஆனால் அதைக் கட்சிவாரியாகப் போட்டால் இப்போது இருப்பதைவிட மோசமாகும். ஊர்வாரியாகப் போட்டால்தான் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் பேச இடம் கிடைக்கும்.

முதலில் இது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜிமெயில் வைத்திருப்பவர் யாஹூ முகவரிக்கு மெயில் அனுப்புவதில் நமக்கு வியப்பில்லை. மாஸ்டடான் என்ற திறந்த மென்பொருளும் அப்படித்தான். ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் சொந்த சர்வரில் நிறுவலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். சர்வர்கள் தங்களுக்குள் பேசும் மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில் அதை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பொதுத் தரமாக ஏற்றது. ப்ளூஸ்கை வேறு வகை நெறிமுறையில் ஓடுகிறது, பெரும்பாலான கணக்குகள் இன்னும் அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே இருக்கின்றன. அதை இங்கே விட்டுவிடுகிறோம்.

நம் நாட்டுக்கு இது புதிதும் அல்ல. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதையொட்டி 2019 நவம்பரில் ஏராளமானோர் மாஸ்டடானுக்குப் போனார்கள். போன வேகத்தில் பலர் திரும்பியும் வந்தார்கள். காரணம் எளிது. அங்கே முகப்பில் நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள் மட்டும், நேர வரிசையில் வரும். யாரையும் பின்தொடராதவருக்குத் திரை காலியாகத்தான் இருக்கும். திண்ணையில் ஆள் இல்லாவிட்டால் திண்ணை எவ்வளவு அகலம் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆகவே சர்வரைத் திறக்கும் அன்றே, அதில் குறைந்தது நாற்பது ஐம்பது பேர் தினமும் எழுதுபவர்களாக இருக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர் பின்தொடர ஏழெட்டு ஹேஷ்டேக்குகளை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். தமிழில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு: ‘மதுரைமெட்ரோ’, ‘மதுரை_மெட்ரோ’ இரண்டும் சர்வருக்கு வெவ்வேறு ஹேஷ்டேக். அடிக்கோடு போட்டு எழுதுபவர் ஒரு பக்கமும் போடாதவர் இன்னொரு பக்கமும் பேசிக்கொண்டிருப்பார்கள். எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

கட்சிக்கொரு சர்வர் ஏன் கூடாது என்பதற்கு வெளிநாட்டுச் சான்று இருக்கிறது. அமெரிக்க வலதுசாரிகள் கூடும் ‘கேப்’ தளம் 2019இல் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. மற்ற சர்வர்களில் பெரும்பாலானவை அதைத் தடை செய்தன. 2021இல் அறிவிக்கப்பட்ட டிரம்ப்பின் ‘ட்ரூத் சோஷியல்’ அதே மென்பொருளை எடுத்துக்கொண்டு, எடுத்ததைச் சொல்லாமல் விட்டு, மாஸ்டடான் தரப்பின் எச்சரிக்கை போன பிறகே மூல நிரலை வெளியிட்டது. மென்பொருளுக்குக் கட்சி கிடையாது. பரவலாக்கம் என்பது பேசுவதை எளிதாக்குவது போலவே வெட்டிக்கொள்வதையும் எளிதாக்குகிறது. வெட்டுவது இன்னும் எளிது. அட்மின் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு சர்வர் முழுவதும் இன்னொரு சர்வருக்கு இல்லாமல் போய்விடும்.

அந்தப் பொத்தானில் இரண்டு வகை உண்டு. ‘லிமிட்’ போட்டால் அந்த சர்வரின் பதிவுகள் பொது வரிசையில் தெரியாது. ஆனால் ஏற்கெனவே பின்தொடர்பவர்களுக்குத் தெரியும். ‘சஸ்பெண்ட்’ போட்டால் இரு பக்கமும் ஒருவரையொருவர் பின்தொடர்ந்த இணைப்புகளே அறுந்துவிடும். மறுநாள் கோபம் தணிந்து தடையை நீக்கினாலும் அவை தாமாகத் திரும்பி வராது. ஒவ்வொருவரும் புதிதாகப் பின்தொடர வேண்டும். ஆளும் கட்சிக்கு ஒரு சர்வர், எதிர்க்கட்சிக்கு ஒரு சர்வர் என்று வைத்தால், வாக்கு எண்ணிக்கை நாள் மாலைக்குள் யாராவது சஸ்பெண்ட் அடித்துவிடுவார்கள். ஒரே ஊர் சர்வருக்குள் இரு தரப்பும் இருந்தால் சண்டை வரும், ஆனால் அறுத்துக்கொண்டு போக முடியாது. ஒருவரைப் பிடிக்காவிட்டால் அவரை மட்டும் மியூட் செய்துகொள்ள வேண்டியதுதான்.

இனி மாடரேஷன், அதாவது பதிவுகளைக் கண்காணித்து நெறிப்படுத்துவது. இதைத்தான் எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். உபி, சங்கி, அடிமை, தும்பி, அணில். இந்த ஐந்து சொற்களில் எது எந்தக் கட்சிக்காரரைச் சீண்டும் என்று தமிழ்நாட்டில் கல்லூரி மாணவருக்கும் தெரியும். தானியங்கி வடிகட்டிக்குத் தெரியாது. மாஸ்டடானில் ஒவ்வொரு பயனரும் தனக்கு வேண்டாத சொற்களுக்கு வடிகட்டி வைத்துக்கொள்ளலாம். அதில் ‘முழுச்சொல்’ என்ற தெரிவைப் போட்டால் ‘சங்கி’ மட்டும் சிக்கும். ‘சங்கிகளுக்கு’, ‘சங்கிங்க’ எல்லாம் நழுவிவிடும், ஏனெனில் நம் மொழியில் விகுதி சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தெரிவை எடுத்துவிட்டால் சங்கிலிப் பறிப்புச் செய்தி முழுவதும் மறைந்துபோகும். அணிலை வடிகட்டினால் அழகர்கோவில் மலையில் அணில் படம் எடுத்தவரும் காணாமல் போவார். அடிமையை வடிகட்டினால் அடிமை ஒழிப்பு வரலாற்றைப் பற்றிய பதிவும் சேர்ந்து போகும். எங்கோ உட்கார்ந்து பல மொழிகளில் வரும் புகார்களைப் பார்க்கும் கம்பெனி ஊழியரின் நிலையும் இதுதான்.

சொல் ஊரை விட்டு வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு வாடிப்பட்டி வழக்கு போதும். சிறுமலைக்குப் போன ஒருவர் ‘துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம்’ என்று கேலியாக எழுதிப் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டார். வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் பதிந்தது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. நகைச்சுவையை நகைச்சுவையாகப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். கேலியை எழுதியவருக்கும் படித்தவருக்கும் இடையில் ஊர் தெரிந்த ஒரு ஆள் இருந்திருந்தால் அது கோர்ட் வாசல் வரை போயிருக்க வேண்டியதில்லை.

அந்த ஆள் யார் என்பதுதான் கேள்வி. ‘நடுநிலையானவர்களை’ மாடரேட்டராகப் போடலாம் என்பார்கள். நாங்கள் அதற்கு எதிர். இணையத்தில் நடுநிலை என்ற சொல்லே வசையாகிவிட்டது. யாரும் நம்பப் போவதில்லை. இன்ன கட்சி என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர்களையே போடுங்கள். முந்நூறு பேர் தினம் புழங்கும் சர்வருக்கு ஐந்து பேர் வேண்டும். ஒரு பதிவின் மீது புகார் வந்தால், எழுதியவர் எந்தப் பக்கமோ அதே பக்கத்து மாடரேட்டர் முதலில் பார்க்க வேண்டும். தன் பக்கத்து ஆளே கண்டித்தால் ‘பழிவாங்குகிறார்கள்’ என்ற பேச்சு எழாது. அவர் வேண்டுமென்றே மூடி மறைக்கக்கூடும் என்பதற்காக, முடிவுக்கு எதிர்ப்பக்க மாடரேட்டர் ஒருவரின் ஒப்புதலும் தேவை என்று வையுங்கள். இரண்டு பேரும் 48 மணி நேரத்தில் ஒத்துப்போகாவிட்டால் பதிவு அப்படியே இருக்கட்டும். ஆள்மீது வன்முறை மிரட்டல், சாதிப் பெயர் சொல்லி இழிவு, ஒருவரின் வீட்டு முகவரி, போன் எண்ணை வெளியிடுவது ஆகியவற்றுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. கண்ட மாடரேட்டர் உடனே மறைத்துவிட்டுப் பிறகு பேசலாம்.

மென்பொருளிலேயே படிப்படியான நடவடிக்கைகள் உண்டு: எச்சரிக்கை, கணக்கை உறையவைப்பது, லிமிட், சஸ்பெண்ட். நடவடிக்கைக்கு உள்ளானவர் 20 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சஸ்பெண்ட் ஆன கணக்கின் தரவு 30 நாள் வரை அழியாமல் இருக்கும், அதற்குள் மீட்கலாம். மேல்முறையீட்டை முதலில் முடிவெடுத்த இருவரும் பார்க்கக் கூடாது. ஐந்து பேர் வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதிகளை எழுத்தில் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து ஊர்களில் மந்தையிலும் சாவடியிலும் பேசித் தீர்த்த பழக்கத்தை இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சாவடித் திண்ணையில் யார் உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. பெண்கள் கூட்டத்துக்குள்ளேயே வரவில்லை. எழுதாத விதி எப்போதும் பலமானவர் பக்கம்தான் இருக்கும். எனவே ஒரு பக்கத்துக்கு மிகாமல், தமிழில், ஐந்தாறு விதிகளைப் பதிவுப் பக்கத்திலேயே போட வேண்டும். மேலே சொன்ன ஐந்து பட்டப்பெயர்களையும் ஒரே வரியில் தடை செய்ய வேண்டும். நான்கைத் தடுத்து ஒன்றை விட்டால் அன்றே சர்வரின் கட்சி எது என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

செலவைக் கேட்பவர்களுக்கு: இரண்டு மையச் செயலி, 4 ஜிபி நினைவகம், 80 ஜிபி வட்டு உள்ள வாடகை சர்வர் இருநூறு முந்நூறு பேருக்குப் போதும். வாடகை, பேக்கப், மெயில் சேவை எல்லாம் சேர்த்து மாதம் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 30,000. இருநூறு பேர் பகிர்ந்தால் தலைக்கு 150 ரூபாய். ஒரே ஆளிடமோ ஒரே கடை விளம்பரத்திலோ இந்தப் பணத்தை வாங்காதீர்கள். பணம் கொடுத்தவர் பேச்சுக்கும் விலை பேசுவார்.

சறுக்கும் இடங்கள் இவை. டொமைன் பெயரைப் பிறகு மாற்ற முடியாது. எல்லாருடைய முகவரியிலும் அது பதிந்துவிடும். பெயரைப் புதுப்பிக்க மறந்து விட்டுவிட்டால் சர்வரே போன மாதிரிதான். ஆகவே குறைந்தது 5 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். வெளி சர்வர்களிலிருந்து வரும் படங்களின் நகல்கள் வட்டில் குவிந்துகொண்டே இருக்கும்; ஏழு நாளுக்கு மேற்பட்டவற்றைத் தானாக அழிக்கும்படி அமைக்காவிட்டால் வட்டு நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிடும், பெரும்பாலும் நள்ளிரவில். வாடகை சர்வர் நிறுவனங்கள் பல, மெயில் வெளியே போகும் வழியான 25ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பதால் பதிவை உறுதிசெய்யும் மெயில் யாருக்கும் போகாது. தனி மெயில் சேவை வேண்டும், அனுப்புநர் அசல்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைச் சரியாகப் போட வேண்டும். டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு, ரகசியச் சாவிகள் உள்ள அமைப்புக் கோப்பை விட்டுவிடுபவர்கள் உண்டு. மீட்கும் நாளில் இரண்டடுக்கு உள்நுழைவு வைத்தவர் யாரும் உள்ளே வர முடியாது. மாதம் ஒருமுறை வேறு கணினியில் விரித்துப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே அல்ல.

புதிய பதிவுகளை ‘ஒப்புதலுக்குப் பிறகு’ என்றே வையுங்கள். 2024 பிப்ரவரியில் கவனிப்பாரற்ற சிறு சர்வர்களில் யாரோ நூற்றுக்கணக்கில் கணக்கு திறந்து உலகெங்கும் ஸ்பேம் அனுப்பினார்கள். அதன் பிறகுதான், மாடரேட்டர் ஒரு வாரம் எட்டிப்பார்க்காத சர்வரில் திறந்த பதிவு தானாக ஒப்புதல் முறைக்கு மாறும்படி மென்பொருளையே மாற்றினார்கள். சித்திரைத் திருவிழா, வாக்குப்பதிவு, வாக்கு எண்ணிக்கை நாட்களில் புதுப் பதிவையே மூடிவிடலாம். ஐடி விங் ஆட்கள் மொத்தமாக வருவது அப்போதுதான்.

சட்டமும் உண்டு. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு வழியையும் தளத்தில் வெளியிட வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். 50 லட்சம் பயனர்களுக்கு மேற்பட்ட தளங்களுக்கான கூடுதல் கடமைகள் நமக்கு வராது என்பதால் இதையும் விட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

எழுத வருபவர்களும் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, மாஸ்டடானில் ‘குறிப்பிட்டவர்களுக்கு மட்டும்’ என்று அனுப்புவது பூட்டிய கடிதம் அல்ல. சர்வர் அட்மினால் படிக்க முடியும். அதைவிட ஆபத்து, அந்தத் தனிச் செய்திக்குள் மூன்றாம் ஆளின் முகவரியை எழுதினால் அவருக்கும் அது போய்ச் சேரும். கவுன்சிலரைப் பற்றி நண்பருக்கு ரகசியமாகப் புலம்பும்போது கவுன்சிலரின் முகவரியைத் தட்டிவிட்டால், புலம்பலை முதலில் படிப்பவர் கவுன்சிலராக இருக்கலாம். இரண்டு, வேறு சர்வருக்குக் குடிபெயர்ந்தால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது.

எழுத்து அளவில் தமிழுக்கு இங்கே லாபம் உண்டு. எக்ஸ் தளம் இலவசக் கணக்குக்கு 280 என்று எண்ணும்போது கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. ‘மதுரை’ அங்கே ஐந்து. மாஸ்டடானில் அதே சொல் மூன்று, மொத்த அளவோ 500. ஒரு வாதத்தைக் காரணத்தோடு சொல்ல அது போதும். 280இல் கோஷம்தான் அடங்கும்.

இத்தனையும் செய்தபின்னும், எதிர்த்தரப்புப் பதிவை ஒருவர் கண்ணில் காட்டினாலே மனம் இளகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பெயில் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டர் பயனர்களுக்குப் பணம் கொடுத்து, எதிர்த்தரப்புக் கருத்துகளைப் பகிரும் தானியங்கிக் கணக்கை ஒரு மாதம் பின்தொடர வைத்தார்கள். குடியரசுக் கட்சியினர் முன்பைவிட அதிகமாகத் தங்கள் பக்கமே சாய்ந்தார்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. பட்டிமன்றம் கேட்டுவிட்டு யாரும் கட்சி மாறுவதில்லையே.

பதில் எழுதும் வசதியையே எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தவர்கள் செய்த கருவி ‘போலிஸ்’ (நம் காவல் துறை அல்ல, பெயர் அப்படி). இதுவும் திறந்த மென்பொருள். தைவானில் 2015இல் ஊபர் சேவைக்கான விதிகளைப் பேச இதைப் பயன்படுத்தினார்கள். ஒரு கூற்று திரையில் வரும். ஒப்புகிறேன், ஒப்பவில்லை, தாண்டுகிறேன் என மூன்றே பதில். கூற்றுக்குப் பதில் எழுத முடியாது, புதிய கூற்றை மட்டும் சேர்க்கலாம். யார் யார் ஒரே மாதிரி வாக்களிக்கிறார்கள் என்று கணக்கிட்டு அணிகளாகப் பிரித்து, எல்லா அணிகளும் ஒப்புக்கொண்ட கூற்றுகளைத் தனியே எடுத்துக் காட்டும். வசை பாட இடமே இல்லை.

வைகையை எடுத்துக்கொள்வோம். ‘கழிவுநீர் கலக்கும் இடங்களை வரைபடமாக வெளியிட வேண்டும்’ நல்ல கூற்று. ‘கழிவுநீரைத் தடுக்க வேண்டும், கரையோர வீடுகளை அகற்ற வேண்டும்’ கெட்ட கூற்று. அதில் இரண்டு விஷயம் இருக்கிறது, ‘ஒப்பவில்லை’ என்றவர் எதை ஒப்பவில்லை என்று தெரியாது. ‘முந்தைய ஆட்சியின் அலட்சியத்தால்’ என்று தொடங்கும் கூற்றில் வாக்கு வைகைக்கு விழாது, கட்சிக்குத்தான் விழும். தொடக்கத்தில் பத்துப் பதினைந்து விதைக் கூற்றுகளை இரு தரப்பும் பாதிப் பாதி எழுத வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே வரி.

அரிட்டாபட்டியில் நடந்ததைப் பாருங்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போன செய்தி வந்ததும் மேலூர் பக்கம் எழுந்த எதிர்ப்பில் கட்சி பார்த்து யாரும் நிற்கவில்லை. டிசம்பர் 9இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆனால் இணையத்தில் அந்த இரண்டரை மாதமும் ஓடிய சண்டை ‘யார் அனுமதி கொடுத்தது’ என்பது மட்டுமே. ‘சுரங்கம் வேண்டாம்’ என்பதில் எல்லாரும் ஒன்று என்பதைக் காட்ட அங்கே ஒரு வழியும் இருக்கவில்லை. யார் காரணம் என்பதை ஒரு இழையிலும், இனி என்ன செய்வது என்பதை வேறு இழையிலும் வைக்கும் சிறு ஒழுங்கு இருந்திருந்தால் போதும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. முதலாவது, ஊர் சர்வரை நீங்கள் நடத்த வேண்டாம். பத்திரிகையும் விவாதத்தில் ஒரு தரப்பு. அதை ஒரு கூட்டுறவுச் சங்கமோ அறக்கட்டளையோ நடத்தட்டும். நீங்கள் உங்கள் இணையதள முகவரியின் கீழேயே உங்கள் நிருபர்களுக்கு மட்டுமான ஒரு சிறு சர்வரைத் திறங்கள். பிபிசி 2023இல் தன் கணக்குகளுக்கென்றே சோதனையாக ஒரு சர்வரைத் திறந்தது. நிருபரின் முகவரியே உங்கள் டொமைனில் முடிவதால் போலி எது, அசல் எது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சொந்த சர்வர் இப்போதைக்கு முடியாது என்றால், வேறு சர்வரில் திறந்த கணக்குக்கு உங்கள் இணையதளத்திலிருந்து, ‘இது எங்கள் கணக்கு’ என்று சொல்லும் ‘ரெல்-மீ’ குறிப்போடு ஓர் இணைப்பு கொடுத்தாலே, கணக்குப் பக்கத்தில் உங்கள் தள முகவரி பச்சையாகி உறுதியாகிவிடும். அரை மணி நேர வேலை. நியூஸ் கார்டு ஒவ்வொன்றின் அடியிலும் அசல் பதிவுக்குப் போகும் க்யூஆர் கோடும் வேண்டும். ஆனால் க்யூஆரையும் போலியாகப் போடுவார்கள் என்பதால், ஸ்கேன் செய்து திறக்கும் முகவரி உங்கள் டொமைன்தானா என்று பார்க்கும்படி வாசகர்களுக்கு அச்சிலேயே சொல்லிவையுங்கள்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை மதுரைப் பதிப்பில் ஒரு கட்டம். அந்த வாரம் போலிஸ் கருவியில் ஊர் முன்வைத்த கூற்றுகளில் எல்லா அணிகளும் ஒப்புக்கொண்டவை மூன்று, நேர் எதிராகப் பிரிந்தவை மூன்று, எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற எண்களோடு. தலைப்பில் ‘வெற்றி’, ‘தோல்வி’ இரண்டு சொல்லும் வேண்டாம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர்கள் சிலர்,
தல்லாகுளம், மதுரை-2